ஆபத்து வேளைக்கு ஒரு மருந்துப் பெட்டி

ஐப்பசி பிறக்குமுன்னரே நம் வீடுகளில் மாரிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. விறகைப் பிளந்து தாவாரத்தின் கீழ் அடுக்குகிறோம். மிளகாயை இடித்துத் தூளாக்கிப் போத்தல்களில் அடைக்கிறோம். பழப்புளியைக் கொட்டை நீக்கி உப்புச் சேர்த்துப் பானையிற் போடுகிறோம். கருவாட்டையும் ஒடியலையும் வெயிலிற் காயவிட்டுக் கட்டி வைக்கிறோம். கூரையில் ஒழுக்கு உண்டா, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கின்ற நாம், வீட்டிலுள்ள பெரியவர் நாள்தோறும் உட்கொள்ளும் குளிசைகள் இன்னும் எத்தனை நாளுக்குப் போதும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டா? பெரும்பாலான இல்லங்களில் இல்லை என்பதே விடை. அட்டையில் இரண்டு குளிசைகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான், “நாளைக்குக் கடைக்குப் போகவேண்டும்” என்ற நினைவு வருகின்றது. அந்த நாளைக்குக் கடைக்குப் போகமுடியாமற் போனால்?

அத்தகைய நாட்களை நம் நாடு நன்கு அறியும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது விழுந்த மரங்கள் வீதிகளை அடைத்தன. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை மருந்தை மட்டுமன்றி மருந்து இருந்த வீட்டையும் வாரிச் சென்றது. 2020 மார்ச்சில் வானமும் தெளிவாக இருந்தது, வீதியும் செம்மையாக இருந்தது. ஆயினும் கொரோனா ஊரடங்கினால் கடைகள் பூட்டிக் கிடக்க, கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீடுதேடிக் கொண்டுவந்து கொடுக்கவேண்டி நேர்ந்தது. 2022இலோ கடை திறந்திருந்தது, அலுமாரியில்தான் மருந்தில்லை. நமக்கு வேண்டிய மருந்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிறநாடுகளிலிருந்து வருபவை. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி இல்லாதொழிந்தபோது, அவ்வாண்டு மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை முன்னரே நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலையகத்து வீதிகளை மண்ணால் மூடியது. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தைக் கழித்தவர்களுக்கோ இவற்றை எடுத்துரைக்க வேண்டியதேயில்லை. காரணங்கள் வேறு வேறாயினும் விளைவு ஒன்றே: நோயாளிக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள வழி சில நாட்களுக்கு, சில வேளைகளிற் சில வாரங்களுக்கு, அறுந்துபோகின்றது.

சில நாள் மருந்தில்லாமையால் உயிர் போய்விடுமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். நம்மைப்போலவே கடல்சூழ்ந்த இன்னொரு நிலத்தின் அனுபவம் இதற்கு விடை கூறுகின்றது. கரிபியன் கடலிலுள்ள போட்டோ ரிக்கோத் தீவை 2017 செப்டெம்பரில் ‘மரியா’ என்னும் சூறாவளி தாக்கிற்று. இறந்தோர் 64 பேர் என்றே அரசாங்கம் முதலில் அறிவித்தது. ஓராண்டின் பின்னர் அத்தொகையை 2,975 என்று திருத்திக்கொண்டது. இத்துணைப் பெரிய வேறுபாடு எங்ஙனம் வந்தது? ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வீடுவீடாகச் சென்று விசாரித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், புயலின் பின் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு வைத்தியம் தடைப்பட்டமையோ தாமதப்பட்டமையோ காரணமாகச் சொல்லப்பட்டது. காற்று கொன்றவர்களை உடனே எண்ணிவிட்டார்கள். மருந்தும் மின்சாரமும் இன்றி வீட்டுக் கட்டிலில் மெல்ல மெல்ல இறந்தவர்களைத்தான் எண்ணத் தவறினார்கள்.

வீட்டு மருந்துப் பெட்டி என்றவுடன் பஞ்சும், கட்டுத்துணியும், சிவப்பு மருந்துமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் ஆபத்து வேளைக்கென முதலிற் சேமிக்கவேண்டியது, ஒரு நாளும் மருந்து தவறக்கூடாத நோயாளியின் அன்றாட மருந்தை என்பதே நம் கருத்து. வலிப்பு நோய்க்கு உண்ணும் குளிசையைச் சட்டென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பி, விடாது தொடரக்கூடும். அட்டினலோல், புறொப்றனலோல் போன்ற இதய மருந்துகளைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி தோன்றுவதுண்டு. பிறெட்னிசொலோனை நெடுநாள் உட்கொண்டவர் அதனைச் சடுதியாக நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கும். இன்சுலினைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முட்டு வருத்தக்காரருக்கு உறிஞ்சுகுழல் மருந்து தீர்ந்துபோகும் இரவு நீண்ட இரவாகும். மாறாக, கொலஸ்ரரோல் குளிசை நான்கு நாள் தவறினால் பெரும்பாலோருக்கு உடனடியாக ஒன்றும் நேர்ந்துவிடாது. எனவே, வீட்டிலுள்ள மருந்துகளில் எவை ஒரு நாளும் தவறக்கூடாதவை என்பதை அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளல் நன்று.

எவ்வளவு சேமிப்பது? இரண்டு வாரத்துக்குக் குறையாமலும் ஒரு மாதத்துக்கு மேற்படாமலும் கைவசம் இருந்தாற் போதும். இதற்காகப் பெருந்தொகையை ஒரே முறையிற் செலவிடத் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு மருந்து தருகிறார்கள்; தம் நிலைமையை வைத்தியருக்கு எடுத்துரைத்தால், இரண்டு வாரத்துக்கு மேலதிகமாக ஒரு சீட்டு எழுதித் தர அவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார். அதனை ஒசுசலவிலோ வேறு மருந்துக்கடையிலோ சிறிது சிறிதாக வாங்கிச் சேர்க்கலாம். சேர்த்ததை அப்படியே மூடிவைத்துவிடலாகாது. புதிதாக வந்த அரிசியை அடியிற் கொட்டிப் பழையதை முதலிற் சமைக்கின்ற இல்லத்தரசிக்கு இந்த முறையை நாம் கற்பிக்கவேண்டுமா? புதிய குளிசை பின்னே, பழையது முன்னே. இவ்வாறு சுற்றிவந்தால் சேமிப்பு என்றும் குறையாது, எதுவும் காலங்கடந்து பழுதாகவும் மாட்டாது.

ஒரு மாதத்துக்கு மேற்படாமல் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022இல் வசதி படைத்தோர் சிலர் ஆறு மாத மருந்தை ஒருமித்து வாங்கி அடைத்துவைத்தனர். அன்றன்றாடம் உழைத்து உண்பவர் தம் ஒரு வார மருந்துக்குக் கடை கடையாக அலைந்தனர். தட்டுப்பாடு வந்தபின் ஓடிச்சென்று வாங்குவது பதுக்கல். தாராளமாகக் கிடைக்கும் காலத்திற் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே சேமிப்பு.

இனி, நீரிழிவு நோயாளர் உள்ள வீடுகளைத் தனியே கவனித்தல் வேண்டும். திறக்காத இன்சுலினைக் குளிரூட்டியில் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்கவேண்டும் என்பது பலரும் அறிந்தது. ஆனால் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது குளிரூட்டி என்ன செய்யும்? அன்று பல வீடுகளில் நேர்ந்த கலக்கத்தை நாம் அறிவோம். இன்சுலின் சூடேறிவிட்டது என்று அஞ்சி நல்ல மருந்தை வீசியவர்களும் உண்டு. பனிக்கட்டிக்குள் நேரே புதைத்து உண்மையிலேயே பழுதாக்கியவர்களும் உண்டு. உறைந்துபோன இன்சுலின் பின்னர் இளகினாலும் பயன்படாது. வெப்பத்திலும் பார்க்க உறைவுதான் அதற்குப் பெரும் பகை.

பாவனையிலுள்ள இன்சுலினை 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் வைத்திருக்கலாம் என்று உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். வகைக்கு வகை கணக்கு வேறுபடுமாதலால் பெட்டியினுள் இருக்கும் தாளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கென்யாவிலுள்ள டடாப் அகதி முகாமின் வெப்பநிலையை அளந்து, அதேபோல 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்த ஆய்வொன்றை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்டன. அந்த நான்கு வாரத்தில் மருந்தின் வலிமை குறையவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆகவே சில மணித்தியால மின்வெட்டுக்கு நடுங்கவேண்டியதில்லை.

மின்சாரம் பல நாட்களுக்கு இல்லையாயின் நம் மண்பானை இருக்கின்றது. பெரிய பானையொன்றினுள் சிறிய பானையை வைத்து, இடைவெளியை ஈர மணலால் நிரப்பி, இன்சுலினை நீர்புகாத உறையிலிட்டு உள்ளே வைத்து, வாயை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்துவிட்டால் உட்புறம் குளிர்ந்திருக்கும். மணல் காயாதபடி நாளுக்கு இருமுறை நீர் தெளிக்கவேண்டும். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கின்றது. கோடையிற் பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனாலன்றோ? விஞ்ஞானம் படிக்கும் மாணவர் இதனை வீட்டிலேயே செய்து, வெப்பமானியை வைத்து அளந்து பார்க்கலாம். சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாதல் குறையும்; ஆனால் அக்காலத்தில் வெயிலும் அவ்வளவு இராது. எப்படி வைத்திருந்தாலும், தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, பால்போன்ற வகையைக் கலக்கியபின்னும் கட்டிகள் தெரிந்தாலோ அதனை ஏற்றிக்கொள்ளலாகாது.

அன்றாட நோயாளியின் மருந்தை ஒழுங்குபடுத்தியபின், எவருக்கும் எதிர்பாராமல் வரக்கூடிய காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் நினைப்போம்.

காய்ச்சலுக்கென வீட்டில் வைக்கவேண்டிய மருந்து பரசிற்றமோல் ஒன்றுதான். அதனைப் பனடோல் என்றே நாம் அழைத்துப் பழகிவிட்டோம். டெங்கு பரவியுள்ள நம் நாட்டில் காய்ச்சலுக்கு அஸ்பிரினையோ இபுபுறொபன், டைக்குளோபெனக் போன்றவற்றையோ கொடுத்தல் ஆபத்து. அவை இரத்தப்பெருக்கை உண்டாக்கும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என ஐயுறப்பட்ட நோயாளராகப் பதிவாயினர். எந்தக் காய்ச்சல் எதுவென்று முதல் நாளில் எவராலும் கூறமுடியாதாகையால், எல்லாக் காய்ச்சலையும் டெங்காகலாம் என்று கருதி நடப்பதே அறிவுடைமை. வளர்ந்தவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேற்படக்கூடாது. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் ஈரல் நோயுள்ளவருக்கும் அதுவும் அதிகம். தடிமன் குளிசைகள் பலவற்றுள்ளும் பரசிற்றமோல் ஒளிந்திருக்கின்றது என்பதைப் பலர் அறியார். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் பழுதடையும். பிள்ளைகளுக்குரிய அளவு வயதைவிட நிறையைப் பொறுத்தது. அதனை வைத்தியரிடம் கேட்டு, போத்தலோடு வரும் அளவுகோப்பையால் அளந்து கொடுக்கவேண்டும். அடுக்களைக் கரண்டிகளில் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை.

காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் நோயும் தணிந்தது என்று மகிழ்வது டெங்கில் மிகக் கொடிய ஏமாற்றமாகும். அப்போதுதான் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், தூங்கி விழுதல் முதலிய குறிகள் தோன்றக்கூடும். இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டுப் பெட்டியை மூடிவிட்டு வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

வெள்ளத்தின் பின்னால் வருவது வயிற்றோட்டம். அதற்கு வீட்டில் இருக்கவேண்டியது ஜீவனி. உப்பும் குளுக்கோசும் கலந்த இந்தச் சிறு பொதியைப் பார்த்து, இதுவும் ஒரு மருந்தா என்று எள்ளுவோர் உளர். 1971இல் வங்காளதேசப் போரின்போது இந்திய எல்லையிலுள்ள பொங்காவ் என்ற ஊரின் அகதி முகாமில் வாந்திபேதி பரவிற்று. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, திலீப் மஹலனபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. தாதியரும் வைத்தியரும் போதாத இடத்தில் தாய்மாரும் சகோதரரும் கிண்ணமும் கையுமாக இருந்து காத்த உயிர்கள் அவை.

பொதியில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைக்கவேண்டும். பாதியைக் கரைத்துப் பாதியை மடித்து வைத்தல் கூடாது. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். ஜீவனி இல்லாவிடின் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்புக் கூடினாற் குழந்தைக்குத் தீங்கு. கண்ணளவு இங்கே உதவாது. கஞ்சியும் இளநீரும் நல்லவை. சோடாப் போத்தல் வேண்டாம், அதிலுள்ள மிகுந்த சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

மற்றவற்றை விரைவாகக் கூறிவிடலாம். காயத்தைக் கழுவச் சவர்க்காரமும் தூய நீரும், சுத்தமான கட்டுத்துணி, ஒட்டும் பிளாஸ்டர், கத்தரிக்கோல், வெப்பமானி, ஒவ்வாமைக்கு வைத்தியர் சொன்ன குளிசை, ஒரு மின்சூள். தலைவலிக்குப் பூசும் தைலமும், கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் நம் வீடுகளில் எப்படியும் இருக்கும். அவை தரும் ஆறுதலை நாம் குறைகூறவில்லை. துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு ஊசிக்கும், பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்துக்கும் வைத்தியசாலைதான் இடம். அவற்றுக்கு வீட்டுப் பெட்டியில் எதையும் தேடி நேரம் போக்குதல் தகாது.

வைக்கக்கூடாதது ஒன்றுண்டு. சென்ற முறை மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளை, “பிறகு உதவும்” என்று முடிந்துவைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அண்ணனுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய நாலைத் தம்பிக்குக் கொடுப்பதனால் தம்பியின் நோய் தீராது, கிருமிதான் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங்கே 1945இல் நோபெல் பரிசு பெற்ற உரையில் இதனை எச்சரித்தார். விலக்கு ஒன்று: வெள்ள வயலில் இறங்கும் விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சல் வராதிருக்க டொக்சிசைக்கிளின் கொடுப்பதுண்டு. அதுவும் பொதுச் சுகாதார உத்தியோகத்தரின் ஆலோசனைப்படியே.

பெட்டியை எங்கே வைப்பது? வெப்பமும் ஈரமும் மருந்தின் பகைவர்கள். அடுப்பு மேற்தட்டும், குளியலறை அலுமாரியும், வெயில்படும் யன்னல் விளிம்பும், தொலைக்காட்சிப் பெட்டியின் மேற்புறமும் ஆகா. படுக்கையறையில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டுள்ள அலுமாரி ஏற்றது. குளிசைகளை அட்டையிலிருந்து உதிர்த்துப் பழைய போத்தலிற் கொட்டிவைத்தால் மாரி ஈரம் அவற்றைத் தின்றுவிடும். நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் குளிசையை அதன் கண்ணாடிப் போத்தலிலேயே வைத்து, திறந்து எட்டு வாரத்தில் மாற்றவேண்டும்; அதன் வீரியம் காற்றோடு போகும் இயல்பினது. அட்டையில் மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்டிருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை என்பது பொருள். காலங்கடந்த மருந்து வெறுமனே வலிமை இழப்பதோடு நின்றுவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. பழுதான ரெற்றாசைக்கிளினை உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிப்புற்றமை 1963இல் வைத்திய உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

கடைசியாக ஒரு தாள். இடம்பெயர்ந்தோர் முகாமில் வைத்தியர் ஒருவர், “ஐயா, என்ன மருந்து எடுக்கிறீர்கள்?” என்று கேட்க, “சின்ன வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று” என்று விடை வருகின்றது. சின்ன வெள்ளைக் குளிசைகள் எத்தனை நூறு உள்ளன! கம்பனிப் பெயரைச் சொன்னாலும் முழுப்பயன் இல்லை. அந்தக் கம்பனியின் சரக்கு அன்று வந்திராது. வேண்டியது மருந்தின் பொதுப்பெயர். இந்நாட்டின் மருந்தியல் முதற் பேராசிரியரான சேனக பிபிலே, 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டுமென வாதாடியவர். விலை குறையும் என்பது அவர் கண்ட பயன்களில் ஒன்று. வெள்ளத்தில் நின்றுகொண்டு மருந்து கேட்பவருக்கு அதே பெயர் இன்னொரு வகையில் உதவுகின்றது.

எனவே நோயாளியின் பெயர், வயது, நோய், ஒவ்வாத மருந்து, உட்கொள்ளும் மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியோடும் ஒரு வார மருந்தோடும் பொலித்தீன் பையிலிட்டு வாயைக் கட்டி, கதவோரம் ஆணியில் தொங்கவிடவேண்டும். வீட்டைவிட்டு ஓடும்போது கை முதலில் படும் இடம் அதுவே. பொதுப்பெயரை அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும் எழுதவேண்டும், உதவிக்கு வரும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். வீட்டில் எழுத்துத் தெளிவான மாணவர் யாரேனும் இருந்தால் இவ்வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம். குளிசை அட்டைகளை மேசையிற் பரப்பி, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி, பாட்டனாரிடம் காலை எது, இரவு எது என்று கேட்டுச் சரிபார்க்க அரை மணித்தியாலம் போதும். கிளினிக்கில் மருந்து மாறிய அன்றே தாளையும் மாற்றவேண்டும்.